மெல்லவா, ஒரே இரவிலா

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் ஆற்றையே அளக்க வந்தவள்.
வெல்ஷ்பூலுக்குக் கீழே, ஹாஃப்ரென் வளைந்து வளைந்து
தன் வாலைத் தானே கடிக்கப் பார்க்கும் இடத்தில்
கருவியின் மூன்று கால்களையும் சேற்றில் ஊன்றுகிறேன்.
மூன்றும் மூன்று ஆழத்துக்கு இறங்குகின்றன.

வழக்கு பதினோரு ஏக்கர்:
புல், நாணல், செத்த மரம் ஒன்று,
எம்லின் ஜார்மனின் நாற்பது ஆடுகள்.
நிலம் நெஸ்டா டிபட்டின் கரையில் கிடக்கிறது.
பத்திரம் ஜார்மன் வீட்டு இரும்புப்பெட்டியில் கிடக்கிறது.
நடுவே ஆறு,
யாரிடமும் பட்டா கேட்காமல்.

வயலை இங்கே 'காய்' என்கிறார்கள்.
இந்தக் காய்க்குப் பெயர் அப்பால் வயல்.
எதற்கு அப்பால் என்று கேட்டேன்.
நீ நிற்கிற இடத்தைப் பொறுத்தது என்று
இருவருமே சொன்னார்கள்,
தனித்தனியாக, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல்.

சட்டம் எளியது.
ஆறு மெல்ல நகர்ந்தால்
எல்லையும் நாய்க்குட்டி போலப் பின்னாலேயே வரும்.
ஒரே இரவில் தாவினால்
எல்லை பழைய தடத்திலேயே நின்றுவிடும்,
தண்ணீர் போன பிறகும்.

என் மொழியில் ஆறு என்றால் வழியும்தான்.
வழி எப்போது மாறியதென்று
வழியிடமே கேட்க முடியுமா?
லான்ட்ரின்டாட் ஆவணக்காப்பகத்துக்குப் பேருந்து ஏறினேன்.

மான்ட்கோமரிஷயர் என்ற கவுன்டி
1974இல் இன்னொன்றுக்குள் கரைந்துவிட்டது.
அதன் காகிதங்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.
ஃபிளானல் மூட்டைக் கணக்கு.
யார் ஆட்டை யார் நாய் கடித்தது என்று நான்கு பக்கம்.
பக்கத்து ராட்னர்ஷயரில்
பாவாடை கட்டி, முகத்தில் கரி பூசி
சுங்கக் கதவை வெட்டிப்போட்ட ஆண்களைப் பற்றி
'அடையாளம் தெரியவில்லை' என்று எழுதிய ஒரு காவலர்.
தம்பியைக்கூடவா தெரியவில்லை, ஐயா?

ஒரு பாதிரியாரின் குறிப்பேடு:
"ஞாயிறு. யாரும் வரவில்லை.
ஆறு மட்டும் வந்து இரண்டாம் வரிசையில் அமர்ந்தது."
தேதி இல்லை.
அழகாக எழுதுகிறவர்களிடம் தேதி இருப்பதில்லை.

கடைசிப் பெட்டியில், உள்ளங்கை அகலத்தில் ஒரு நோட்டு.
டாஃபிட் ப்ரீஸ், படகுக்காரன்.
ஆளுக்கு அரைப் பென்னி, பன்றிக்கு ஒன்று,
மணப்பெண்ணுக்கு இனாம்.
ஒன்பது வருடம். மை மாறுகிறது, கை மாறவில்லை.
1852 பிப்ரவரி ஏழு: ஆள் பதினான்கு, பன்றி இரண்டு.
பிப்ரவரி எட்டு: ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே வெல்ஷில் ஒரே வரி.
காப்பக ஊழியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்:

"படகு இருக்கிறது. ஆறு இல்லை."

என் விரல் தாளைத் தொட்டுவிட்டது.
தொடக்கூடாது என்பது அங்கே விதி.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஜார்மன் வென்றார். சிரிக்கவில்லை.
பதினோரு ஏக்கர் அவருடையது,
போகும் பாதை டிபட்டின் களஞ்சியத்தைச் சுற்றி.
நெஸ்டா டிபட் இரும்புக் கதவைத் திறந்துவிட்டாள்.
சாவியைத் தரவில்லை.
ஆடுகள் தீர்ப்பைக் கேட்காதவை போல
எப்போதும் போன வழியில் போயின.

வெள்ளிக்கிழமை எல்லைக்கல் நடப் போனேன்.
கீழ்வளைவில்,
செவ்வாயன்று கரைக்கு இரண்டடி உள்ளே
நான் அறைந்திருந்த ஆரஞ்சு முளை
பாதி அந்தரத்தில் நின்றது,
தன் கூர்முனையைத் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டு.

நோட்டை எடுத்தேன். தேதி போட்டேன்.
மணி, காற்று, நீர்மட்டம்.
நகர்வின் தன்மை என்ற கட்டத்தில்
'மெல்ல' என்று எழுதினேன்.

எதிர்க்கரையில்
ஒரு மாட்டின் அளவுக்கு மண் விழுந்தது.

அடித்தேன்.